பழைய விசிடி, டிவிடி, லேசர் டிஸ்க்: கையில இருக்கறது எதுன்னு கண்டுபிடிச்சு ஓட்டிப் பாக்கறது எப்படி, முழு வழிகாட்டி

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க. ரேஷன் கார்டு கேரளா, வீட்ல பேச்சு தமிழ், துணி எடுக்கறது பொள்ளாச்சி, ஆஸ்பத்திரின்னா பாலக்காடு. அதனால இந்தப் பக்கம் யார் வீட்டு அலமாரியத் தொறந்தாலும் மலையாளப் பட விசிடி, தமிழ்ப் பட விசிடி, துபாய்ல இருந்து வந்த டிவிடி, கல்யாண ஆல்பத்தோட ஸ்டுடியோக்காரங்க குடுத்த சிடின்னு எல்லாம் ஒரே கேரி பேக்ல கலந்து கெடக்கும்.

போன ஓணம் லீவுல எங்க அம்முச்சி, அதான் அம்மாவோட அம்மா, ஒரு சிடியக் கையில குடுத்து, "கண்ணு, சித்தி கல்யாணத்தப் போடு, அப்புச்சி பேசறத ஒருக்கா கேக்கோணும்"னாங்க. 2003 வைகாசியில நடந்த கல்யாணம், மொத்தம் 3 விசிடி. ரெண்டு நல்லா ஓடுச்சு, மூணாவது 52வது நிமிஷத்துல கட்டம் கட்டமா ஒடஞ்சு அப்படியே நின்னுடுச்சு. அப்புச்சி, அதான் எங்க தாத்தா, மைக்க வாங்கி எல்லாருக்கும் நன்றி சொல்றது அதுக்கு அப்புறந்தான் வருது. ரெண்டு கடையில காட்டுனேன், ரெண்டு பேருமே தட்டு போச்சு, தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆனா தட்டு முழுசாப் போகல. அத மீட்டு எடுக்கறதுக்குள்ள ஒரு மாசத்துல கத்துக்கிட்டது எல்லாத்தையும் இங்க எழுதறேன். நான் முக்கியமா சொல்ல வர்றது ஒண்ணுதான், புது பிளேயர் வாங்க ஓடறதுக்கு முன்னாடி கையில இருக்கற தட்டு என்ன ஜாதின்னு பாருங்க, வீட்டு விசேஷ டிஸ்க்கா இருந்தா இந்த மாசமே காப்பி எடுத்துருங்க.

மொத வேலை: தட்டப் பாக்கறது

வெளிச்சமான எடத்துல ஓரத்த மட்டும் புடிச்சு எடுங்க, அளவப் பாருங்க. 12 செமீ இருந்தா சிடி, விசிடி, டிவிடி, ப்ளூ-ரே இதுல ஏதோ ஒண்ணு. 8 செமீ குட்டித் தட்டா இருந்தா பெரும்பாலும் டிவிடி கேம்கார்டர்ல எடுத்தது. 30 செமீ, அதாவது பழைய எல்பி ரெக்கார்டு அளவுக்கு வெள்ளியா பளபளன்னு இருந்தா அது லேசர் டிஸ்க்.

அடுத்து அடிப்பக்கம் என்ன கலர்னு பாருங்க. சுத்தமான வெள்ளி கலர்னா கம்பெனில அச்சுல அடிச்சது, அதுல தகவல் குழி குழியா பதிஞ்சிருக்கு, ரொம்ப நாள் தாங்கும். லேசா பச்சை, தங்கம், நீலம் அடிச்சா அது ரைட்டர்ல எழுதுன சிடி-ஆர், ஊதா மாதிரி தெரிஞ்சா டிவிடி-ஆர். இந்த எழுதுன தட்டுகள்ல தகவல் இருக்கறது ஒரு சாயத்துல, அது வெயிலும் சூடும் ஈரமும் பட்டா வெளிறிப் போகும். நம்ம கல்யாண சிடி, காதுகுத்து சிடி, புதுமனை சிடி கிட்டத்தட்ட எல்லாமே இந்த எழுதுன வகைதான், இங்க பாலக்காட்டு கணவாய்க் காத்தும் மழையும் வேற, அதனாலதான் இந்த மாசமேன்னு அவசரப்படுத்தறேன்.

விசிடியா டிவிடியான்னு சந்தேகம் வந்தா ஓரத்தப் பக்கவாட்டுல பாருங்க. ரெண்டும் 1.2 மிமீ தடிமன்தான், ஆனா டிவிடி 0.6 மிமீ தகடு ரெண்ட ஒட்டினது, உத்துப் பாத்தா ஓரத்துல நடுவுல மெல்லிசா ஒரு கோடு தெரியும். சிடில அந்தக் கோடு இருக்காது. இந்த வித்தியாசம் அடையாளத்துக்கு மட்டும் இல்லைங்க, தட்டு எப்படிச் சாகுதுங்கறதும் இதுலதான் இருக்கு. டிவிடில தகவல் நடுவுல ரெண்டு தகடுக்கு இடையில பத்திரமா இருக்கு. சிடி, விசிடில தகவல் இருக்கறது மேல்பக்கம், பேர் எழுதற பக்கம், அதுக்கு மேல மெல்லிசா ஒரு வார்னிஷ் மட்டும்தான் காவல். அடியில கீறல் விழுந்தா பாத்துக்கலாம், மேல்பக்கம் நகம் பட்டாக்கூட ஆபத்து.

எங்க மூணாவது டிஸ்க்ல நடந்தது அதுதான். யாரோ மேல்பக்கம் ஓரத்துல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி "3"ன்னு எழுதிருக்காங்க. டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாத்தா அந்த 3 வளையற எடத்துல ஊசி குத்துன மாதிரி நாலஞ்சு புள்ளி வெளிச்சம் உள்ள வருது. பளபளப்புப் படலம் அங்க ஒடஞ்சு போச்சு. சிடி உள்ள இருந்து வெளியதான் ஓடும், அதனால படம் கடைசில நின்னா வெளி ஓரத்தப் பாக்கணும், ஆரம்பத்துலயே நின்னா நடு ஓட்டைக்குப் பக்கத்துல பாக்கணும். 52வது நிமிஷம் சரியா அந்தப் பேனா எழுத்துக்கு நேர்லதான் இருந்துச்சு.

மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா தயவுசெஞ்சு உரிக்காதீங்க, படலமும் சேந்து கையோட வந்துரும்.

ரெண்டாவது: உள்ள இருக்கற ஃபோல்டரப் பாக்கறது

கம்ப்யூட்டர்ல டிஸ்க் போட்டு ஓட விடாம தொறந்து மட்டும் பாருங்க. லேப்டாப்ல டிரைவ் இல்லன்னா யுஎஸ்பில மாட்டற எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டர் ஒண்ணு போதும், இத டிவில குத்திப் பாத்துட்டு வேலை செய்யலன்னு நெறைய பேர் திருப்பிக் குடுக்கறாங்க, பொதுவா டிவிக்கு அது புரியாது, கம்ப்யூட்டருக்குத்தான்.

எம்பெக்-ஏவின்னு (MPEGAV) ஒரு ஃபோல்டரும் அதுக்குள்ள டாட்னு (.DAT) முடியற ஃபைலும் இருந்தா விசிடி. எம்பெக்-2ன்னு (MPEG2) ஃபோல்டர் இருந்தா சூப்பர் விசிடி. வீடியோ-டிஎஸ்னு (VIDEO_TS) ஃபோல்டரும் அதுல வாப்னு (.VOB) முடியற பெரிய ஃபைல்களும் இருந்தா டிவிடி. இது எதுவும் இல்லாம நேரா ஏவிஐ, எம்பி4 ஃபைலா இருந்தா அது வெறும் டேட்டா டிஸ்க், ஒரே தட்டுல அஞ்சு படம்னு வித்தாங்களே அந்த மாதிரி, அதப் பழைய விசிடி பிளேயர்ல போட்டா ஓடாது, பிளேயர் ரிப்பேர்னு நெனச்சுக்காதீங்க.

விசிடியப் பத்தி சித்த விரிவா

நம்ம ஊருகள்ல அதிகமா இருக்கறது இதுதான். 1993ல பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிடா, ஜேவிசி நாலு பேரும் சேந்து கொண்டுவந்தது, எம்பெக்-1 வீடியோ, நம்ம நாட்டு டிவி முறையான பால் (PAL) சிஸ்டத்துல 352க்கு 288 புள்ளி, நொடிக்கு 25 ஃப்ரேம். டிவிடில 720க்கு 576, அதாவது புள்ளி எண்ணிக்கையில நாலு மடங்கு. அதனால புது பெரிய டிவில விசிடி மங்கலாத்தான் தெரியும், அது தட்டோட கோளாறு இல்ல. ஒரு நிமிஷத்துக்கு சுமாரா 10 எம்பி ஆகும், ஒரு தட்டுல 74 நிமிஷம், பெரிய தட்டுல 80. ஒரு சினிமாவுக்கு ரெண்டு மூணு தட்டு வந்ததும், நம்ம கல்யாணம் மூணு தட்டுல வந்ததும் இதனாலதான்.

அந்த 74 நிமிஷத்த அடைக்கறதுக்கு ஒரு வேலை செஞ்சிருக்காங்க. சாதாரண டேட்டா சிடில ஒவ்வொரு துண்டுலயும் 2048 பைட்டு தகவல் போக மிச்ச எடத்துல தப்பத் திருத்தறதுக்குன்னு கூடுதல் குறிப்பு எழுதி வெச்சிருக்கும். விசிடில அந்த எடத்தையும் வீடியோவுக்கே குடுத்து 2324 பைட்டா ஆக்கிட்டாங்க. அதனால விசிடில கீறல் விழுந்தா அடிப்படைத் திருத்தம் ஒண்ணுதான் காப்பாத்தும், அதுவும் தடத்தோட, அதாவது தட்டுல சுருள் சுருளா தகவல் ஓடற கோட்டோட, நீளத்துல சுமார் 2.5 மிமீ வரைக்குந்தான். நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா விழுந்த கீறல் ஒவ்வொரு தடத்தையும் துளியூண்டுதான் தொடும், அதனால படம் ஓடிரும். தடத்தோடயே வட்டமா விழுந்த கீறல் சின்னதாத் தெரிஞ்சாலும் படத்த நிறுத்திரும். துணிய வட்டமா ஓட்டித் தொடைக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

டிவிடி பிளேயர்ல போட்டா பெரும்பாலும் விசிடி ஓடும். மெனுல மாட்டிக்கிட்டு நகரலன்னா ரிமோட்ல பிபிசின்னு (PBC) ஒரு பட்டன் இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க, நேரா படத்துக்குப் போயிரும். கரோக்கி விசிடில பாட்டு ஒரு பக்கமும் மியூசிக் மட்டும் இன்னொரு பக்கமும் இருக்கும், ரெண்டும் சேந்து கொழப்பமா கேட்டா ஆடியோ பட்டனத் தட்டி இடது இல்லன்னா வலது மட்டும் வெச்சுக்கலாம். கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர் இலவசமா இருக்கு, அதுல மீடியா மெனுவுக்குள்ள ஓபன் டிஸ்க் போயி விசிடின்னு தேர்ந்தெடுத்தா ஓடும், அந்த டாட் ஃபைல நேரா இழுத்துப் போட்டாலும் ஓடும். விண்டோஸ் 8ல இருந்தே டிவிடி ஓட்டற வசதி கூடவே வர்றதில்ல, அதனால விஎல்சி எப்படியும் தேவை.

டிவிடி நல்லா ஓடுது சிடி மட்டும் எடுக்கலன்னு ஒரு பிளேயர் இருந்தா அதுக்கும் காரணம் இருக்கு. சிடிக்கு வேற லேசர், 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. ஒரே ஹெட்டுக்குள்ள ரெண்டு லேசர் இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் செத்திருக்கும். இன்னொண்ணு, சிடி-ஆர் சாயம் 650 வெளிச்சத்த சரியாத் திருப்பி அனுப்பாது, அதனால ஆரம்ப கால டிவிடி பிளேயர் சிலது எழுதுன விசிடிய எடுக்கவே எடுக்காது, அதே தட்டு பழைய மட்டமான விசிடி பிளேயர்ல ஜம்முனு ஓடும். வீட்ல பழைய விசிடி பிளேயர் இருந்தா காயலாங்கடைக்குப் போடாதீங்க.

சூப்பர் விசிடி 1998ல சைனாக்காரங்க கொண்டுவந்தது, படம் தெளிவு, ஆனா தட்டுக்கு நேரம் கம்மி. டிவிடி பிளேயர் நெறைய இத எடுக்கும், சாதா விசிடி பிளேயர் எடுக்காது.

டிவிடி, அதுலயும் கல்ஃப் டிவிடி

டிவிடி 1996 நவம்பர்ல ஜப்பான்ல வந்துச்சு. ஒரு லேயருக்கு 4.7 ஜிபி, ரெண்டு லேயருக்கு 8.5. இங்க எல்லைப் பக்கத்துல வர்ற பெரிய தலைவலி ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பக்கம் ஓடணும்னு தட்டுலயும் பிளேயர்லயும் போட்டிருக்கற பூட்டு. இந்தியா ரீஜன் 5, கல்ஃப் நாடுக ரீஜன் 2, அமெரிக்கா 1. துபாய்ல வாங்குன பிளேயர் பலதும் 2ல பூட்டி இருக்கும், அங்க வாங்குன இங்கிலீஷ் பட டிவிடி நம்மூரு பிளேயர்ல தப்பு ரீஜன்னு சொல்லும். வெளிநாட்டுல விக்கறதுக்குப் போட்ட தமிழ், மலையாளப் பட டிவிடி நெறைய எல்லா ரீஜனுக்கும்னு வரும், கவர் பின்னாடி உலக உருண்டைக்குள்ள நம்பர் போட்டிருக்கும் பாருங்க. கம்ப்யூட்டர் டிரைவ்ல ரீஜன் மாத்தலாம், ஆனா மொத்தமே 5 தடவைதான், அஞ்சாவது தடவை எத வெச்சீங்களோ அதுலயே நின்னுரும், அதனால கேட்டவுடனே ஓகே ஓகேன்னு தட்டாதீங்க.

படம் கருப்பு வெள்ளையா வந்தாலோ மேல கீழ உருண்டாலோ பிளேயர் என்டிஎஸ்சில (அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை) இருக்கு, டிவி பால் முறைய எதிர்பாக்குதுன்னு அர்த்தம். பிளேயர் செட்டப்ல டிவி சிஸ்டத்த மாத்துங்க, சில ரிமோட்ல பால்-என்டிஎஸ்சின்னு தனி பட்டனே இருக்கும்.

புது டிவில மஞ்சள், செவப்பு, வெள்ளை மூணு பின்னுக்கு எடம் இல்லையேன்னு கேப்பீங்க. டிவி பின்னாடி ஏவின்னு எழுதுன சின்ன ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒண்ணு இருந்தா அதுக்கான மாத்து வயர் கிடைக்கும். அதுவும் இல்லன்னா ஏவில இருந்து எச்டிஎம்ஐக்கு மாத்தற டப்பா வாங்கணும். கடையில திசைய சரியாச் சொல்லி வாங்குங்க, எச்டிஎம்ஐல இருந்து ஏவிக்கு மாத்தற டப்பாவும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அது நமக்கு உதவாது. டிவில ஸ்க்ரீன் அளவ 4:3ன்னு வெச்சுக்குங்க, இல்லன்னா மாப்பிள்ள பொண்ணு எல்லாரும் அகலமாத் தெரிவாங்க.

8 செமீ குட்டி டிவிடி இருக்கறவங்க கவனமா இருங்க. 1.4 ஜிபி, நல்ல குவாலிட்டில ஒரு 30 நிமிஷம் புடிக்கும். கேமராவுல ஃபைனலைஸ்னு ஒரு வேலை செஞ்சு முடிச்சாத்தான் வேற எடத்துல ஓடும், செய்யாம விட்டா கம்ப்யூட்டர் காலி டிஸ்க்னு சொல்லும், காலின்னு நம்பி மேல எதையும் எழுதிராதீங்க. அதே கேமரா இருந்தா அதுல போட்டு ஃபைனலைஸ் பண்ணுங்க. தட்டு வெளிய நீளாம ஓட்டைக்குள்ள இழுத்துக்கற மாதிரி இருக்கற டிரைவ்ல, கார் ஸ்டீரியோல, குட்டித் தட்டப் போடவே கூடாது, உள்ள மாட்டிக்கும்.

லேசர் டிஸ்க்கும் மத்ததும்

இது நம்ம பக்கம் வீடுகள்ல ரொம்ப அபூர்வம், வெளிநாட்டுல இருந்து திரும்புனவங்க கொண்டு வந்திருந்தாத்தான். 1978 டிசம்பர்ல அமெரிக்காவுல அட்லாண்டாவுல மொதல்ல வித்தது. லேசர்ல படிச்சாலும் படம் டிஜிட்டல் இல்ல, அனலாக், அதனால எந்தக் கம்ப்யூட்டர் டிரைவும் இத எடுக்காது, லேசர் டிஸ்க் பிளேயரேதான் வேணும், பயோனியர் 2009ல தயாரிப்ப நிறுத்தறதா சொல்லிட்டாங்க, இனி செகண்ட் ஹேண்ட்தான். என்டிஎஸ்சி டிஸ்க்ல சிஏவின்னு போட்டிருந்தா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், ஒரு சுத்துக்கு ஒரு ஃப்ரேம், 54,000 ஃப்ரேமையும் ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்கலாம். சிஎல்வின்னா 60 நிமிஷம். ஜப்பான் பிளேயர் 100 வோல்ட், அமெரிக்காவோடது 120, நம்ம 230ல நேரா சொருகுனா எரிஞ்சு போகும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியா மின்னுனா உள்ள ஒட்டுன பசை வழியா காத்து போயி அலுமினியம் அரிச்சிருக்கும், தொடைச்சாப் போகாது.

பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள பூட்டுன மாதிரி பெரிய தட்டு கெடச்சா அது 1981ல ஆர்சிஏ விட்ட சிஇடியா இருக்கலாம், ஊசி வெச்சு ஓட்டறது, கையால தொடக்கூடாது. ஜேவிசியோட விஎச்டியும் பெட்டிக்குள்ள வர்றதுதான், அளவு சின்னது. ஹெச்டி டிவிடி 2006ல வந்து 2008ல தோஷிபா கைவிட்டது, ப்ளூ-ரே பிளேயர்ல ஓடாது, அதுக்குன்னு செஞ்ச பிளேயர் வேணும். ப்ளூ-ரே 25, 50 ஜிபி, இந்தியா ரீஜன் சி, விஎல்சில நேரா ஓடாது, பிளேயர்லயே பாத்துக்கறது நிம்மதி.

காப்பி எடுக்கறது

இனி சொல்றது நம்ம வீட்டு விசேஷ டிஸ்க்குக்கு. கடையில வாங்குன சினிமா டிஸ்க்குக்கு காப்பிரைட் உண்டு, அது தனி.

மொதல்ல கழுவுங்க. குழாய்த் தண்ணில காட்டி, பாத்திரம் வெளக்கற லிக்விட் ஒரு சொட்டு, விரல் நுனியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா தேச்சு, மறுபடி தண்ணி விட்டு, பழைய மெத்தன்ன பருத்தித் துணியால ஒத்தி எடுத்து நெழல்ல காய வெக்கணும். எழுத்துப் பக்கம் படலம் உரிஞ்சிருந்தா தண்ணி வேண்டாம், துணி மட்டும். டூத் பேஸ்ட் தடவச் சொல்லுவாங்க, அது அடிப்பக்கத்த அரைச்சுத்தான் மழுக்குது, நான் எங்க டிஸ்க்ல செய்ய மாட்டேன்.

விசிடில அந்த டாட் ஃபைல அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணா நல்ல தட்டுன்னா விண்டோஸ்ல வந்துரும். கீறல் வந்த எடத்துல சிஆர்சி எரர்னு சொல்லி மொத்தத்தையும் நிறுத்திரும், 52 நிமிஷம் நல்லா வந்தது கூட கையில நிக்காது. லினக்ஸ்ல நல்ல தட்டுக்கே இன்புட் அவுட்புட் எரர் வரும், மேல சொன்ன 2324 பைட்டு விவகாரம்தான் காரணம். அதே காரணத்தால விசிடிய ஐஎஸ்ஓ (தட்டு முழுசையும் ஒரே ஃபைலா நகல் எடுக்கற முறை) ஃபைலா எடுக்கக் கூடாது, அதுல துண்டுக்கு 2048தான் நிக்கும். பின்-க்யூ (BIN/CUE) ஃபைலா, தட்டுல இருக்கறத எதையும் வெட்டாம அப்படியே எடுக்கற ரா (raw) முறையில எடுக்கணும். விண்டோஸ்ல ஐசோபஸ்டர், லினக்ஸ்ல சிடிஆர்டிஏஓ (cdrdao) மென்பொருள் இத செய்யும். டிவிடிக்கு ஐஎஸ்ஓ சரி, கீறல் டிவிடிக்கு டிடிரெஸ்க்யூங்கற (ddrescue) மென்பொருள் ரொம்ப அருமை, எது எது படிக்கலன்னு ஒரு கணக்கு வெச்சுக்கிட்டு அடுத்த டிரைவ்ல விட்ட எடத்த மட்டும் படிக்கும்.

வேற டிரைவ்ல போட்டுப் பாக்கறதுதான் இதுல பெரிய மருந்து. எங்க யுஎஸ்பி டிரைவ் 52வது நிமிஷத்த ரெண்டு நாள் முயற்சி பண்ணியும் தாண்டல. வேலந்தாவளத்துல மூடிக் கெடந்த ஒரு பிரவுசிங் சென்டர் சேட்டன்கிட்ட பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருந்துச்சு. தட்டு உள்ள போகற பெல்ட்டு தளந்து போயி ட்ரே தானா வெளிய வரல, முன்னாடி இருக்கற சின்ன ஓட்டைல ஜெம் கிளிப்ப நிமித்திக் குத்தித்தான் தொறந்தோம். ஸ்பீடக் கொறச்சு, படிக்க முடியாத துண்டத் தாண்டிப் போகச் சொல்லி விட்டுட்டு நாங்க டீ குடிச்சோம். "எடா, ஸ்லோவா போகட்டும், தட்டு சூடாயா பின்னயும் போகும்"னு சேட்டன் பக்கத்துலயே நின்னாரு. ஒண்ணே கால் மணி நேரம் கழிச்சு முழு டிஸ்க்கும் வந்துச்சு. நடுவுல சில எடத்துல கட்டம் கட்டமா ஒடையுது, எல்லாம் சேத்தா 11 நொடி இருக்கும். அதத் தாண்டுனதும் அப்புச்சி மைக்க ரெண்டு தட்டு தட்டிட்டு, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்"னு சொல்றது தெளிவா இருந்துச்சு.

எடுத்த பின்-க்யூ ஃபைல அப்படியே ஒரிஜினலா வெச்சுக்குங்க. ஃபோன்ல பாக்கறதுக்கு ஹேண்ட்பிரேக்ங்கற மென்பொருள்ல எம்பி4 ஆக்குங்க, அளவப் பெருசாக்க வேண்டாம், இல்லாத தெளிவு வராது. மூணு விசிடி சேந்தாலே ரெண்டு ஜிபி சுத்தித்தான், ஒரு பென் டிரைவ், ஒரு ஹார்ட் டிஸ்க், சொந்தக்காரங்க வீட்ல ஒண்ணுன்னு மூணு எடத்துல வெக்கலாம். எங்களோடது ஒண்ணு சித்தி கிட்ட உடுமலைல இருக்கு.

தட்டையும் தூக்கிப் போடாதீங்க. டப்பாவுல செங்குத்தா நிக்க வெச்சு, வெயிலும் அடுப்புச் சூடும் படாத எடத்துல, மழைக்காலத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. பேர் எழுதணும்னா மெத்தன்ன மார்க்கர்ல, நடு ஓட்டையச் சுத்தி கண்ணாடி மாதிரி இருக்கற வளையத்துல மட்டும் எழுதுங்க, அங்க தகவல் எதுவும் கெடையாது. எங்க மூணாவது டிஸ்க் இப்ப அப்படித்தான் அம்முச்சி பீரோவுல இருக்கு, அந்த 11 நொடியப் படிக்கற டிரைவ் இன்னும் எங்கயாவது கெடைக்குமான்னு தேடிட்டு இருக்கேன்.